துடைப்பம் பிடித்துப் பதக்கம் வென்ற ஊர்!

குட்டீஸ், விடுமுறைக்கு வெளியூரிலிருந்து வரும் மாமா பையன், "உங்க ஊர்ல என்ன விசேஷம்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பெரிய ஊர்க்காரர்களுக்குக் கவலையில்லை. கடற்கரை, மிருகக்காட்சி சாலை என்று அடுக்கிவிடுவார்கள். சின்ன ஊர்க்காரர்கள்தான் தலையைச் சொறிவார்கள். "எங்க ஊர்ல ஒண்ணுமே இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, மனதுக்குள் கொஞ்சம் வருத்தப்படுவார்கள்.

ஜப்பானில் ஒரு சிறுமியும் இப்படித்தான் வருத்தப்பட்டாள். அவள் ஊரின் பெயர் டோகோரோ. ஜப்பானின் வடக்குக் கோடியில், ஹொக்கைடோ தீவில், கடலோரமாக இருக்கிறது. மொத்தமே சில ஆயிரம் பேர்தான். ஒரு பக்கம் கடலில் சிப்பி எடுப்பார்கள். இன்னொரு பக்கம் வயலில் வெங்காயம் போடுவார்கள். குளிர்காலம் வந்தால் கடல்மேலேயே பனிக்கட்டி மிதந்து வரும். வெளியே தலைகாட்ட முடியாது.

அந்த ஊர்ப் பெண்கள் 2018ம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கமும், 2022ம் ஆண்டு வெள்ளிப் பதக்கமும் வாங்கினார்கள். எதில் தெரியுமா? பனித்தரையில் கல்லைத் தள்ளி, அதன் முன்னால் துடைப்பம் போட்டுத் தேய்க்கும் ஒரு விளையாட்டில்!

சிரிக்காதீர்கள். அந்த விளையாட்டின் பெயர் கர்லிங்.

பனித்தரையில் கேரம்!

உங்களுக்குக் கேரம் தெரியும்தானே? ஸ்ட்ரைக்கரைச் சுண்டிக் காயைத் தள்ளுகிறோம். அந்தப் பலகையை 45 மீட்டர் நீளத்துக்கு இழுத்துவிடுங்கள். அகலம் சுமார் 5 மீட்டர். பலகைக்குப் பதில் பனிக்கட்டித் தரை. ஸ்ட்ரைக்கருக்குப் பதில் ஒரு கருங்கல். பெரிய இட்லியைப் போல வழவழவென்று இருக்கும். மேலே ஒரு கைப்பிடி. எடை 17 முதல் 20 கிலோ வரை! அதாவது, கிட்டத்தட்ட இரண்டு பத்து கிலோ அரிசிப் பைகள்.

தரையின் மறுகோடியில், ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்திருப்பார்கள். இதற்கு 'வீடு' என்று பெயர். வெளி வட்டத்தின் குறுக்களவு 3.66 மீட்டர். அணிக்கு நான்கு பேர். ஆளுக்கு இரண்டு கல். இரண்டு அணியும் மாறி மாறி, மொத்தம் 16 கற்களைத் தள்ளுவார்கள். கடைசியில் வீட்டின் நடுப்புள்ளிக்கு மிக அருகில் யார் கல் இருக்கிறதோ, அவர்களுக்கு மட்டும்தான் புள்ளி. எதிரணியின் மிகச் சிறந்த கல்லைவிட அருகில் எத்தனை கல் வைத்திருக்கிறார்களோ, அத்தனை புள்ளி. எதிரணிக்கு முட்டைதான்! இது ஒரு சுற்று. ஒலிம்பிக்கில் இப்படிப் பத்து சுற்று ஆடுவார்கள்.

எதிரி கல்லை இடித்து வெளியே தள்ளலாம். நம் கல்லுக்குக் காவலாக முன்னால் இன்னொரு கல்லை நிறுத்தலாம். எதை எப்போது செய்வது என்று யோசித்துக்கொண்டே இருக்கவேண்டும். அதனால்தான் இதைப் 'பனிமேல் சதுரங்கம்' என்றும் சொல்கிறார்கள்.

கல்லை விடும்போது கைப்பிடியை லேசாகத் திருப்பிவிடுவார்கள். கல் மெதுவாகச் சுழன்றபடியே போய், கடைசியில் ஒரு பக்கமாக வளையும். ஆங்கிலத்தில் 'கர்ல்' என்றால் சுருளுவது, வளைவது. விளையாட்டின் பெயருக்கு அதுதான் காரணம் என்பார்கள்.

துடைப்பம் எதற்கு?

இப்போது துடைப்பத்துக்கு வருவோம். இந்தப் பனித்தரை கண்ணாடிபோல வழவழப்பாக இருக்காது. ஆட்டத்துக்கு முன்னால் அதன்மேல் தண்ணீரைப் பூத்தூவல் போலத் தெளிப்பார்கள். துளிகள் உறைந்து, தரை முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் ஆகிவிடும். கல்லின் அடிப்பக்கம் குழிவாக இருக்கும். ஒரு மெல்லிய வளையம் மட்டுமே அந்தக் கொப்புளங்களைத் தொட்டபடி வழுக்கிப் போகும்.

ஒருவர் கல்லைத் தள்ளியதும், இரண்டு பேர் அதன் முன்னால் ஓடிக்கொண்டே பிரஷ்ஷால் தரையைப் பரபரவென்று தேய்ப்பார்கள். உள்ளங்கைகளை வேகமாகத் தேய்த்துப் பாருங்கள், சூடாகிறதல்லவா? அதே கதைதான். பனியின் மேற்பரப்பு ஒரு துளி சூடாகும். உராய்வு குறையும். கல் இன்னும் சில மீட்டர் கூடுதலாகப் போகும், வளைவதும் குறையும். ஆனால், துடைப்பம் கல்லில் பட்டுவிடக்கூடாது.

பட்டுவிட்டால்? நடுவர் விசில் ஊதுவாரா? இல்லை. "என் துடைப்பம் பட்டுவிட்டது" என்று அந்த வீரரே முன்வந்து சொல்லவேண்டும்! யாரும் பார்க்கவில்லை என்றாலும் சொல்லவேண்டும். கர்லிங்கில் அதுதான் மரியாதை. ஆட்டம் தொடங்கும்போதும் கைகுலுக்குவார்கள், முடிந்தபின்னும் கைகுலுக்குவார்கள்.

கல் பிறந்த தீவு

கர்லிங் பிறந்தது ஸ்காட்லாந்தில். அங்கே குளிர்காலத்தில் குளங்கள் உறைந்ததும், ஊர்க்காரர்கள் ஆற்றுக் கற்களைத் தள்ளி விளையாடினார்கள். 1511 என்று செதுக்கிய ஒரு பழைய கர்லிங் கல் அங்கே கிடைத்திருக்கிறது. ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய விளையாட்டு! 1838ம் ஆண்டு எடின்பரோ நகரில் பெரிய சங்கம் ஒன்று தொடங்கி, விதிகளை ஒழுங்குபடுத்தினார்கள்.

இன்றைக்கும் ஒலிம்பிக் கற்கள் ஸ்காட்லாந்திலிருந்துதான் வருகின்றன. அங்கே கடலுக்கு நடுவில் அய்ல்சா கிரெய்க் என்று ஒரு தீவு உண்டு. எப்போதோ அடங்கிப்போன எரிமலையின் மிச்சம் அது. மனிதர்கள் வசிப்பதில்லை, கடற்பறவைகளின் ராஜ்ஜியம். அந்தத் தீவின் கருங்கல் தண்ணீரை உறிஞ்சாது. மோதினால் எளிதில் உடையாது. சாதாரணக் கல் என்றால், உள்ளே புகுந்த ஈரம் உறைந்து விரிந்து, கல் விரிசல் விட்டுவிடும். பறவைகளுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்பதால், பல வருடங்களுக்கு ஒருமுறைதான் அங்கே போய்க் கல் எடுத்து வருகிறார்கள்.

பிழைப்புக்காகக் கப்பலேறிய ஸ்காட்லாந்துக்காரர்கள் இந்த விளையாட்டையும் கூடவே கொண்டுபோனார்கள். கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1807ம் ஆண்டிலேயே கர்லிங் சங்கம் தொடங்கிவிட்டது. பிறகு மேற்குக் கனடாவின் கோதுமைச் சமவெளிக்கும் பரவியது. அங்கே மாதக்கணக்கில் எல்லாம் உறைந்து கிடக்கும். வயலில் வேலை இருக்காது. நீண்ட இரவு, கடும் குளிர். விவசாயிகள் என்ன செய்வார்கள்? ஊருக்கு ஒரு கொட்டகை போட்டு, உள்ளே தண்ணீர் ஊற்றி உறையவைத்து, கர்லிங் ஆடினார்கள். தாத்தா, அப்பா, பேத்தி எல்லாரும் ஒன்றாக ஆடலாம் என்பதால் அதுவே ஊர்கூடும் இடமானது. இன்றைக்கு உலகிலேயே அதிகம் பேர் கர்லிங் ஆடும் நாடு கனடாதான்.

பீப்பாயும் ஒரு பிடிவாதக்காரரும்

சரி, கனடாவிலிருந்து கடல் தாண்டி டோகோரோவுக்கு இது எப்படி வந்தது?

1980ம் ஆண்டு ஹொக்கைடோவும், மேற்குக் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணமும் 'சகோதர மாகாணங்கள்' ஆயின. அதாவது, ஒருவர் வழக்கத்தை மற்றவர் கற்றுக்கொள்வது. அந்த நட்பில், கர்லிங் சொல்லிக்கொடுக்க ஆல்பர்ட்டாவிலிருந்து பயிற்சியாளர் ஹொக்கைடோ வந்தார். அதைக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் டோகோரோவின் யூஜி ஒகுரி. "நம்ம ஊர்க் குளிர்காலத்துக்கு ஏற்ற விளையாட்டு இதுதான்!" என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

ஆனால் ஊரில் ஆடுகளம் இல்லை. ஸ்காட்லாந்துக் கல்லும் இல்லை. விட்டாரா மனிதர்? நண்பர்களைச் சேர்த்துக்கொண்டார். வெட்டவெளியில் பனியைச் சமப்படுத்தி, தண்ணீர் ஊற்றி உறையவைத்துக் களம் செய்தார்கள். கல்லுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? பீர் அடைத்து வரும் சின்னப் பீப்பாய்களை எடுத்து, அதையே கல்லாக வைத்துத் தள்ளினார்கள்!

கிரிக்கெட் மட்டைக்குத் தென்னை மட்டை எடுப்பவர்கள்தானே நாம்? நமக்கு இது புரியும்.

மெல்ல மெல்ல ஊரே கர்லிங் பைத்தியமானது. 1988ம் ஆண்டு, ஜப்பானிலேயே முதன்முதலாகக் கர்லிங்குக்கு என்று உள்ளரங்கம் கட்டியது டோகோரோதான். பெரிய பெரிய நகரங்களில் எல்லாம் இல்லாதது, சிப்பியும் வெங்காயமும் விற்கும் ஊரில் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியட் வந்தால் பிள்ளைகள் கர்லிங் ஆடினார்கள். அங்கே ஒகுரி தாத்தா நின்று சொல்லிக்கொடுப்பார்.

அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் மாரி மொடோஹாஷி என்ற சிறுமியும் ஒருத்தி. வளர்ந்து 2006, 2010 ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். பிறகு, தன் ஊர்ப்பக்கத்துப் பெண்களைச் சேர்த்து 2010ம் ஆண்டு ஓர் அணி தொடங்கினார். பெயர் லோகோ சொலாரே. 'லோகோ' என்பது, 'டோகோரோ பிள்ளைகள்' என்ற பொருளுள்ள ஜப்பானியச் சொல்லிலிருந்து எடுத்தது. 'சொலாரே' என்பது இத்தாலிய மொழியில் சூரியனைக் குறிக்கும் சொல். ஊர்ப் பெயரையே அணிப் பெயரில் வைத்துவிட்டார்!

பூண்டு ஊர் வந்தது எதிரே

2018ம் ஆண்டு பிப்ரவரி 23. தென் கொரியாவில் ஒலிம்பிக் அரையிறுதி. ஜப்பானுக்காக ஆடியது லோகோ சொலாரே. எதிரே கொரிய அணி. அந்தப் பெண்கள் எந்த ஊர்? தலைநகர் சோல் இல்லை. உய்சோங் என்ற விவசாய ஊர். பூண்டுக்குப் பேர்போனது. அங்கேயும் 2006ம் ஆண்டு ஒரு கர்லிங் அரங்கம் கட்டியிருந்தார்கள். அந்த நாட்டில் அதுதான் முதலாவது.

அந்த அணி சேர்ந்த கதையைக் கேளுங்கள். கிம் உன் ஜங் என்ற பள்ளி மாணவி கர்லிங் கற்றாள். தோழி யங்மியையும் கூட அழைத்துப்போனாள். ஒருநாள் யங்மியின் தங்கை கியோங் ஏ, அக்காவுக்கு ஒரு பொருளைக் கொடுக்க அரங்கத்துக்கு வந்தாள். அப்படியே ஆட்டத்தில் சேர்ந்துவிட்டாள். தங்கை தன் வகுப்புக் கரும்பலகையில், கர்லிங் ஆட யார் வருகிறீர்கள் என்று எழுதிப்போட்டாள். சன் யங் என்ற தோழி "நான்" என்றாள். அவ்வளவுதான், நான்கு பேர் ஆயிற்று! வேறு ஊரைச் சேர்ந்த சோ ஹீ பின்னாளில் ஐந்தாவதாகச் சேர்ந்தார். ஐந்து பேருக்கும் குடும்பப் பெயர் 'கிம்' என்பது தற்செயல். பத்திரிகைகள் இவர்களைப் 'பூண்டுப் பெண்கள்' என்றே எழுதின.

தேய்க்கச் சொல்லி அணித்தலைவி உன் ஜங், "யங்மீ...! யங்மீ...!" என்று தோழியின் பெயரைச் சொல்லிக் கத்துவார். அந்தப் பெயர் கொரியா முழுவதும் பிரபலமாகிவிட்டது. ஜப்பான் பெண்களோ, எதைப் பேசினாலும் "சொதானே" என்பார்கள். ஹொக்கைடோ வட்டாரப் பேச்சு அது. நம்மூரில் "ஆமால்ல!" என்கிறோமே, அதுபோல. அந்த வருடம் ஜப்பானில் ஆண்டின் சிறந்த சொல்லாக அதற்கே விருது கொடுத்தார்கள்!

அரையிறுதிக்கு வருவோம். முதல் கட்ட ஆட்டங்களில் கொரியா ஒன்பதில் எட்டை வென்றிருந்தது. தோற்ற ஒரே ஆட்டம் ஜப்பானிடம்தான். இப்போது மறுபடியும் அதே எதிரி. பத்து சுற்று முடிந்தது. இரண்டு பேரும் 7 புள்ளி! கூடுதலாக ஒரு சுற்று. அதிலும் கடைசிக் கல்வரை வந்துவிட்டது. அந்தக் கல் உன் ஜங் கையில். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கல்லை விட்டார். தோழிகள் தேய்த்தார்கள். கல் மெல்ல ஊர்ந்து போய், நடுவிலே நின்றது. 8 - 7. கொரியா வென்றது!

அழுதுகொண்டே வெளியே போன ஜப்பான் அணி மறுநாளே திரும்பி வந்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனை 5 - 3 என்று வென்றது. கர்லிங்கில் ஜப்பானுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம். இறுதியில் ஸ்வீடனிடம் தோற்ற கொரியாவுக்கு வெள்ளி. ஒலிம்பிக் கர்லிங்கில் ஓர் ஆசிய அணி வெள்ளி வாங்கியது அதுவே முதல்முறை.

ஒரு பூண்டு ஊர், ஒரு வெங்காய ஊர். இரண்டும் ஒரே மேடையில்!

பதக்கத்துக்குப் பிறகு

கதை அங்கேயே சுபமாக முடிந்துவிடவில்லை குட்டீஸ். ஒன்பது மாதம் கழித்து, 2018 நவம்பரில், கொரியப் பெண்கள் ஐந்து பேரும் ஒரு வருத்தத்தை வெளியே சொன்னார்கள். அணியை நடத்திய பெரியவர்களே தங்களைத் திட்டி அவமதித்ததாகவும், பரிசுப் பணத்தை ஒழுங்காகத் தரவில்லை என்றும் புகார் செய்தார்கள். அரசாங்கம் விசாரித்தது. அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்று 2019ம் ஆண்டு தெரியவந்தது.

நினைத்துப் பாருங்கள், சொல்லிக்கொடுத்தவர்களையே எதிர்த்துப் பேசுவது எவ்வளவு கஷ்டம்! 'அணியை விட்டே போகவேண்டி வந்தால்?' என்ற பயம் இருந்திருக்காதா? இருந்தும் சொன்னார்கள். ஐந்து பேரும் பிரியாமல் வேறு நகரத்தின் அணியாகச் சேர்ந்து, 2022ம் ஆண்டு உலகப் போட்டியிலும் வெள்ளி வாங்கினார்கள். துடைப்பம் கல்லில் பட்டால் தானே ஒப்புக்கொள்ளும் விளையாட்டில் வளர்ந்தவர்கள் அல்லவா? அநியாயம் நடந்தாலும் அதையும் சொல்லத்தான் வேண்டும் என்று காட்டிவிட்டார்கள்.

டோகோரோவிலும் ஒரு வருத்தம் உண்டு. பீப்பாயை உருட்டி எல்லாவற்றையும் தொடங்கிய ஒகுரி தாத்தா, அந்த வெண்கலத்தைப் பார்க்கவில்லை. 2017ம் ஆண்டே காலமாகிவிட்டார்.

அந்தச் சிறுமி சொன்னது

முதலில் ஒரு சிறுமியைப் பற்றிச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? அவள் பெயர் சினாமி யோஷிடா. வெண்கல அணியில் ஆடியவர். அவருடைய தங்கை யூரிகாவும் அதே அணிதான். பதக்கத்தோடு ஊர் திரும்பியபோது, ஊரே திரண்டு வரவேற்றது. அந்தக் கூட்டத்தில் சினாமி மனம்விட்டுப் பேசினார். உண்மையைச் சொன்னால் இந்த ஊரில் எதுவுமே இல்லை என்றார். இங்கேயே இருந்தால் கனவு பலிக்கவே பலிக்காது என்று ஒருகாலத்தில் நினைத்ததாகவும் சொன்னார். சற்று நிறுத்தி இன்னொன்றும் சொன்னார்: இந்த ஊராக இல்லாவிட்டால் கனவு பலித்தே இருக்காது என்று இப்போது தோன்றுகிறதாம்!

டோகோரோவில் மட்டுமா பனி பெய்கிறது? ஜப்பானில் எத்தனையோ ஊர்களில் பெய்கிறது. ஆனால், பீப்பாயை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்க ஒரு ஒகுரி தாத்தா அங்கே இருந்தார். அவர் சொல்லிக்கொடுத்த மாரி, அணி தொடங்கினார். அந்த அணி சினாமிக்கு இடம் கொடுத்தது. உய்சோங்கில் தோழி தோழியைக் கூட்டிவந்தாள். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறித்தான், ஒரு விளையாட்டு ஓர் ஊருக்குச் சொந்தமாகிறது. 

விளையாடிப் பார்க்கலாமா?

நம்மூரில் பனிக்கு எங்கே போவது என்கிறீர்களா? வழவழப்பான மொசைக் தரையோ டைல்ஸ் தரையோ போதும். சாக்பீஸால் மூன்று வட்டம், நடுவில் ஒரு புள்ளி வரையுங்கள். ஒரே அளவுள்ள எட்டு பிளாஸ்டிக் டப்பா மூடிகளைக் கவிழ்த்துப் போடுங்கள். நான்கின் மேல் சிவப்புக் காகிதம், நான்கின் மேல் மஞ்சள் காகிதம் ஒட்டுங்கள். ஐந்தாறு அடி தள்ளி உட்கார்ந்து, மாறி மாறித் தள்ளுங்கள். புள்ளிக் கணக்கு மேலே சொன்னதுதான். கடைசிக் காயைத் தள்ளுபவருக்கு எவ்வளவு லாபம் என்று இரண்டே ஆட்டத்தில் தெரிந்துவிடும்.

கூடவே ஒரு சோதனை. மேஜைமேல் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துவையுங்கள். கடிகார முள் சுற்றும் திசையில் சுழற்றியபடியே முன்னால் தள்ளுங்கள். டம்ளர் இடப்பக்கமாக வளையப் பார்க்கும். ஆனால், கர்லிங் கல்லை இதேபோலச் சுழற்றித் தள்ளினால் வலப்பக்கம் வளையும்! ஏன் இப்படி நேர்மாறாக வளைகிறது என்று விஞ்ஞானிகள் இன்னமும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியவளாகி நீங்களே கண்டுபிடித்தாலும் ஆச்சரியமில்லை.

ஆட்டத்தில் நடுவர் வேண்டாம். காயில் கை பட்டுவிட்டால் நீங்களே சொல்லிவிடவேண்டும். சரியா? அடுத்தமுறை மாமா பையன் வந்து "உங்க ஊர்ல என்ன விசேஷம்?" என்று கேட்டால் தலையைச் சொறியாதீர்கள். "வா, ஒண்ணு சொல்லித்தரேன்" என்று கூட்டிப்போய், கையில் நான்கு மூடியைக் கொடுங்கள்!